ஜப்பானியக் கோட்டைகள்: கேள்வி பதில்

கேள்வி: சாமுராய் காலம் முழுவதும் பல அடுக்குக் கோபுரங்கள் கொண்ட கோட்டைகள் இருந்தனவா?

பதில்: இல்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாமுராய் ஆட்சி தொடங்கிய பின்னும் நெடுங்காலம், மலைமுகட்டில் மண்ணை வெட்டி, பள்ளம் தோண்டி, மரவேலி அடைத்த அரணே கோட்டை எனப்பட்டது. 1543இல் போர்த்துகீசியர் வழியாகத் தானேகாஷிமா தீவுக்கு வந்த துப்பாக்கி போர்முறையை மாற்றியது. போர்ப்பிரபு ஓடா நொபுனாகா 1576இல் பிவா ஏரிக்கரையில் தொடங்கிய அசுச்சிக் கோட்டை, உயர்ந்த கல்மதிலும் பிரம்மாண்டமான கோபுரமும் சேர்ந்த புதிய வகைக்கு முன்மாதிரியானது. 1582இல் அவர் மாண்ட சில நாட்களிலேயே அது எரிந்துபோனாலும், அவ்வடிவத்தை மற்றப் பிரபுக்கள் கைவிடவில்லை.

கேள்வி: அப்படியானால் பிரபு கோபுரத்தில்தான் வசித்தாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை, கீழே தனி மாளிகை இருந்தது. நொபுனாகா விதிவிலக்கு.

கேள்வி: சாந்து பூசாமல் அடுக்கிய மதில்கள் எப்படி நிற்கின்றன?

பதில்: முகப்புக் கற்களுக்குப் பின்னால் சிறுகற்களைத் தடிமனாக நிரப்புவதால் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது, மதிலும் அடியில் சாய்ந்து, மேலே போகப் போகச் செங்குத்தாக எழுகிறது. இவ்வேலையில் ஓமி மாகாணத்து அனோ கல்தச்சர்கள் பேர்போனவர்கள். எந்த நடுக்கத்தையும் தாங்கும் என்று புகழ்வது மட்டும் மிகை. 2016ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் குமாமோட்டோ கோட்டை மதில்கள் பல இடங்களில் சரிந்தன; அங்கே ஈதாமாரு காவல்மாடத்தின் ஒரு பக்கத்தை, சரியாமல் எஞ்சிய மூலைக்கற்களின் ஒற்றை அடுக்கே தாங்கி நின்றது.

கேள்வி: ஹிமேஜிக் கோட்டையின் சுவர்களில் முக்கோணமும் வட்டமுமாகத் துளைகள் எதற்கு?

பதில்: அவை துப்பாக்கிக்கானவை, நெடுக்கான செவ்வகத் துளைகள் அம்புக்கானவை. உள்ளே அகன்றும் வெளியே குறுகியும் இருப்பதால் சுடுபவர் துப்பாக்கியைத் திருப்ப முடியும், எதிரிக்கு இலக்கு அகப்படாது. இகேதா தெருமாசா 1609இல் முடித்த இக்கோட்டை, இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும், பெரும் முற்றுகை எதையும் காணவில்லை.

கேள்வி: பழைய கோபுரங்கள் 12 மட்டுமே எஞ்சியது ஏன்?

பதில்: மாகாணத்துக்கு ஒரு கோட்டை என்ற 1615ஆம் ஆண்டு ஆணையில் பல இடிக்கப்பட்டன; சாமுராய் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசின் 1873ஆம் ஆண்டு ஆணையில் மேலும் பல அழிந்தன; நாகோயா, ஹிரோஷிமா ஆகியவை 1945இல் குண்டுவீச்சுக்கு இரையாயின.

கேள்வி: ஓசாகா கோட்டைக் கோபுரம் அசல்தானே?

பதில்: அது 1931இல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். அங்கே மதில்களுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள் என்பேன். அவையும் நொபுனாகாவுக்குப் பின் ஆண்ட ஹிதெயோஷி கட்டியவை அல்ல; 1620இல், அடுத்து வந்த தொகுகாவா ஆட்சியினர் கட்டத் தொடங்கியவை. ஹிதெயோஷியின் மதில்கள் அவற்றுக்குக் கீழே மண்ணில் புதைந்துள்ளன.