தும்பு மெத்தையும் பெக்கி லிஞ்சும் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுறன். மகளுக்குப் பதினைஞ்சு வயசு. பெக்கி லிஞ்ச் என்ற றெஸ்லிங்காரியின்ர படத்தை அலுமாரிக் கதவில ஒட்டி வைச்சிருக்கிறா. பின்னேரத்தில தும்பு மெத்தையை நிலத்தில போட்டுத் தம்பியைத் தூக்கி எறிஞ்சு பழகுறா. "எல்லாம் முதலே பேசி வைச்ச நடிப்பு, இதில என்ன சம்பியன்?" என்று அவவின்ர மாமா சிரிச்சதுக்கு ஒரு நாள் முழுக்க அழுதா. மாமா சொல்லுறது சரியோ? இந்தப் பிள்ளையை நான் மறிக்கவோ, விடவோ?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மெத்தை. தம்பியை எறிவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளை குழப்படி செய்கிறாள் என்பதற்காக அல்ல. றெஸ்லிங்கில் எறிபடுகிறவர்தான் பாதி வேலையைச் செய்கிறார். சுப்ளெக்ஸ் என்று தலைக்கு மேலால் தூக்கிப் பின்பக்கம் விழுத்துவார்களே, அதில் தூக்குப்படுகிறவர் சரியான கணத்தில் தானே துள்ளிக் கொடுக்க வேண்டும். மேலே போனதும் உடம்பை நேராக்கி, நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பழகாத தம்பி பயத்தில் சுருண்டுகொள்வான். முழுப் பாரமும் மகளின் நாரியில் இறங்கும், அவன் பிடரி அடிபட விழுவான்.

மெத்தையும் பிழை. தும்பு அமிழும், இடுப்பு உள்ளே போக, தலை பிந்தி வந்து சொடுக்குப்படும். கடற்கரைக்குப் போய்ப் பழகலாம் என்றும் நினைக்க வேண்டாம். காய்ந்த மணலில் கை புதையும், ஈர மணல் சீமெந்து மாதிரி.

இனி மாமாவின் கேள்வி. யார் வெல்வது என்பது முதலே தீர்மானிக்கப்படுகிறது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அபிமன்யு சாவான் என்று தெரிந்துகொண்டுதான் விடியும்வரை கூத்துப் பார்க்கிறோம். ஆனால் விழுவது உண்மையான விழுகை. றிங்கின் அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், கன்வஸ், அவ்வளவுதான். அந்தப் பலகையில் ஒரு இரவில் பல தடவை முதுகு அடிபட விழுந்து, அடுத்த கிழமையும் வந்து விழ வேண்டும்.

அதனால் முதல் பாடமே விழப் பழகுவது. குந்தியிருந்து தொடங்குவார்கள். நாடி நெஞ்சில், கண் இடுப்புப் பட்டியில். பின்னால் சரியும்போது மேல்முதுகு தட்டையாகப் பட வேண்டும். முதுகு படுகிற அதே கணத்தில், உடம்பிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விரித்த இரண்டு கைகளும் உள்ளங்கை கீழாகத் தரையை அறைய வேண்டும். மூச்சு வெளியே போக வேண்டும். பிடித்து வைத்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பழகுகிற எல்லாருக்கும் வருகிற பிழை இரண்டு. எங்கே விழுகிறோம் என்று திரும்பிப் பார்ப்பது ஒன்று: நாடி மேலே எழும்பும், பிடரி தரையில் மோதும். பின்னால் கை ஊன்றுவது மற்றது: மணிக்கட்டு போகும், அல்லது முழங்கை. குந்தியபடி பிழையில்லாமல் வந்த பிறகுதான் அரைவாசி எழும்பி நின்று விழுவது, அதன் பிறகு முழுதாக நின்று.

உங்கள் மகளின் பெக்கி லிஞ்ச் அயர்லாந்தில் 2002இல் பழகத் தொடங்கியபோது அவருக்கும் பதினைந்து வயதுதான். 2006இல் ஜெர்மனியில் ஒரு போட்டியில் தலையில் காயம்பட்டுப் பல வருடம் விலகியிருந்தார். விமானப் பணிப்பெண்ணாக வேலை செய்தார். 2013இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்ற அமெரிக்க றெஸ்லிங் நிறுவனம் அவரை எடுத்தது, 2016 செப்டெம்பரில் அதன் ஸ்மாக்டவுன் நிகழ்ச்சிக்கான மகளிர் பட்டத்தின் முதல் சம்பியன் ஆனார். 2018 ஓகஸ்டில் அவரை வில்லியாக்கப் பார்த்தார்கள். சனம் விடவில்லை, அவருக்குத்தான் கை தட்டியது. கடைசியில் நிறுவனம் தன் கதையைச் சனத்துக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டி வந்தது. அந்த நவம்பரில் நயா ஜாக்ஸ் என்ற சக வீராங்கனையின் குத்து ஒன்று உண்மையாகவே பட்டு மூக்கு உடைந்தது, மூளையும் அதிர்ந்தது. அதே கிழமை ரொண்டா ரௌசி என்ற இன்னொரு சம்பியனோடு இருந்த சண்டைக்கு வைத்தியர்கள் விடவில்லை. 2019 ஏப்ரல் 7இல் ரௌசியையும் சார்லட் ஃபிளேரையும் எதிர்த்து, நிறுவனத்தின் மிகப் பெரிய வருடாந்த நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவை முடித்து வைக்கிற முக்கியச் சண்டையில் றோ, ஸ்மாக்டவுன் என்ற இரண்டு நிகழ்ச்சிகளின் மகளிர் பட்டங்களையும் எடுத்தார். அந்த முக்கியச் சண்டையைப் பெண்கள் பிடித்தது அதுதான் முதல் தடவை. 2020 மேயில் வயிற்றில் பிள்ளை என்று பட்டத்தை விட்டுக்கொடுத்தார், 2021 ஓகஸ்டில் திரும்பி வந்து வென்றார்.

பேசி வைத்த வெற்றி என்றால், ஏன் இவருக்கு அதைக் கொடுத்தார்கள் என்றல்லவா மாமா கேட்க வேண்டும்? சனத்தை இழுப்பது ஒரு காரணம். அதே அளவுக்குப் பெரியது நம்பிக்கை. ஒருத்தி தன் கழுத்தை இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் மேலே தூக்குப்படுகிறாள். சம்பியன் என்கிறவர் புதுப் பிள்ளை, களைத்த பிள்ளை, பிழை விடுகிற பிள்ளை எவரோடும் இருபது நிமிடம் சண்டை பிடித்து, அந்தப் பிள்ளையை முழுதாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது நடிப்பால் மட்டும் வராது.

மறிக்க வேண்டாம், ஆனால் றெஸ்லிங்கில் தொடங்கவும் வேண்டாம். ஜூடோவில் விடுங்கள், இல்லையென்றால் ஒலிம்பிக்கில் நடக்கிற ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில். ஜூடோவிலும் முதல் பாடம் விழுவதுதான். ரௌசி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் எடுத்துவிட்டு வந்தவர். டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் இறங்கிய முதல் இந்தியப் பெண் கவிதா தேவி பாரம் தூக்கியவர். 2017இல் சல்வார் கமீஸோடுதான் றிங்கில் ஏறினார். நம் நாட்டிலேயே நெத்மி பொருத்தொட்டகே 2022 பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் 57 கிலோ ஃப்ரீஸ்டைலில் வெண்கலம் வென்றார்.

பயிற்சி எங்கே நடக்கிறது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். முதல் நாள் நீங்களும் போய் இருங்கள். விரிப்புகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கால்விரல் அதற்குள் மாட்டும், அதைப் பாருங்கள். வந்த அன்றே பிள்ளையை எறிகிற பயிற்றுனர் என்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கச்சான் காற்று சூடாக வீசுகிற மாதங்களில் காலைப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் இப்போதைக்குக் கழுத்து வேலை மட்டும் செய்யட்டும். நிலத்தில் மல்லாந்து கிடந்து, நாடியை உள்ளே இழுத்து, தலையை ஒரு அங்குலம் தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். பத்துத் தடவை, மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். நோ வந்தால் நிறுத்த வேண்டும். தலையில் அடிபட்டு அதன்பின் சத்தி, தலைச்சுற்று, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது என்று எது வந்தாலும் படுக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இது தம்பிக்கும் பொருந்தும்.

சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை கிழமைக்கு இரண்டு நாள் போதும்.