மூன்று இடம், ஐந்து பேர் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் 2014 அவுட்ஃபீல்டைப் (களத்தின் பின்பகுதியில் பந்து பிடிக்கும் இடது, நடு, வலது என்ற மூன்று இடங்கள்) பற்றிச் சென்ற கட்டுரையில் ஒரே ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு அது பிடிபடவில்லை. பெரிய லீக்குக்குக் கீழான மைனர் லீக்கில் 33 ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி) அடித்த 22 வயது ஜாக் பீடர்சனைச் செப்டம்பர் வரை மேலே கூப்பிடவே இல்லை. .249 சராசரி (நூறு முயற்சியில் சுமார் 25 முறை அடித்து பேஸ் ஏறுவது) வைத்திருந்த ஆந்த்ரே ஈதியர் ஆடிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பணம் கொடுத்துவிட்டோமே என்ற தயக்கம்தானே காரணம்? ஒரு நல்ல அணி இதை எப்படித் தீர்மானிக்க வேண்டும்? மூத்த வீரரை உட்காரவைத்தால் அணிக்குள் கசப்பு வராதா?

– க.

அன்புள்ள க.,

பணமும் ஒரு காரணம்தான். மாட் கெம்ப் 2011-இல் எட்டு ஆண்டுக்கு 16 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஈதியர் 2012-இல் ஐந்து ஆண்டுக்கு 8.5 கோடி. கார்ல் கிராஃபர்ட், பாஸ்டன் கொடுத்திருந்த ஏழு ஆண்டு 14.2 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு 2012 ஆகஸ்டில் வந்து சேர்ந்தவர். 2014-இல் இந்த மூவருக்கு மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் சம்பளம். நான்காமவர் யாசியெல் புயிக். முந்தைய ஆண்டு ஜூனில் அறிமுகமாகி 104 ஆட்டங்களில் .319 அடித்தவரை எந்த மேனேஜரும் உட்காரவைக்க மாட்டார். அன்று டாட்ஜர்ஸ் ஆடும் நேஷனல் லீக்கில் டெசிக்னேட்டட் ஹிட்டர் (பிட்சருக்குப் பதில் மட்டை மட்டும் பிடிப்பவர்) கிடையாது, பந்து வீசும் பிட்சர்தான் மட்டையும் பிடிக்க வேண்டும். அந்த விதி நிரந்தரமாக மாறியது 2022-இல்தான். களத்தில் ஓடிப் பந்து பிடிக்க முடியாத மூத்த வீரரை வெறும் பேட்டராக ஒளித்துவைக்க வழியில்லை.

ஆனால் இடங்களை எண்ணிக்கொண்டிருந்தால் சிக்கல் புரியாது. எண்ண வேண்டியது ஒருவர் எத்தனை முறை மட்டை பிடிக்க ஹோம் பிளேட்டுக்கு வருகிறார் என்பதை. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 38 பேட்டிங் வாய்ப்புகள் கிடைக்கும். ஆண்டுக்கு 162 ஆட்டம். ஒன்பது பேர் வரிசையில் ஓர் இடத்துக்கு 680 வாய்ப்பு வரும், அவுட்ஃபீல்டின் மூன்று இடங்களுக்கும் சேர்த்து 2,050. நால்வருக்கும் தலா 500 கொடுத்தால் மிச்சம் 50. ஐந்தாவதாகப் பீடர்சனை அழைத்திருந்தால் அவருக்கு விழுவது அந்த 50-ம், பிஞ்ச் ஹிட்டராக (ஆட்டத்தின் நடுவே வேறொருவருக்குப் பதில் மட்டை பிடிப்பவராக) வரும் சில தருணங்களும்தான்.

இளம் பேட்டருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. 95 மைல் வேகப்பந்துக்கும் 80 மைல் வளைபந்துக்கும் நடுவே எப்போது மட்டையை வீசுவது என்ற கணிப்பு, தினமும் நான்கைந்து முறை நின்று பார்த்தால்தான் வரும். பிஞ்ச் ஹிட்டரோ ஏழாவது எட்டாவது இன்னிங்ஸில், இரண்டு மணி நேரம் உட்கார்ந்த உடம்போடு எழுந்து, எதிரணி அந்த நேரத்துக்கென்றே வைத்திருக்கும் மாற்று பிட்சரை (ரிலீவர்) எதிர்கொள்கிறார். பத்தாண்டு ஆடியவர்களுக்கே அங்கே எண்கள் சரியும். ஆகவே என் அளவுகோல் இது: வாரத்தில் ஐந்து ஆட்டமாவது முதல் இன்னிங்ஸிலிருந்து ஆடவைக்க முடியும் என்றால் கூப்பிடலாம். முடியாதென்றால் மைனர் லீக்கின் மேல்படியான ட்ரிபிள் ஏ-யிலேயே தினமும் ஆடட்டும். அந்த அளவில், 2014-இன் முதல் பாதியில் பீடர்சனைக் கீழே வைத்திருந்ததில் நான் குறை காணவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அவர் ஆடிய ட்ரிபிள் ஏ அணியின் ஊரான ஆல்புகர்க்கி கடல்மட்டத்துக்கு 5,000 அடி மேலே இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும், வளைபந்து குறைவாக வளையும். அங்கே .303 சராசரியையும் 33 ஹோம் ரன்னையும் அப்படியே நம்பக்கூடாது. நம்பத் தகுந்தவை வேறு இரண்டு எண்கள்: 553 வாய்ப்புகளில் 149 ஸ்ட்ரைக் அவுட், 100 வாக். அதாவது நூற்றுக்கு 27 முறை பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலேயே மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆனார், 18 முறை நான்கு கெட்ட பந்துகளை விட்டுப் பொறுமையால் முதல் பேஸுக்குப் போனார். 2015-இல் பெரிய லீக்கில் முழு ஆண்டும் ஆடியபோது 170 ஸ்ட்ரைக் அவுட், 92 வாக், நூற்றுக்கு 29-ம் 16-ம். அந்த இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே கூட வந்தன. சராசரி மட்டும் .303-இலிருந்து .210-க்கு விழுந்தது.

இளம் பேட்டரைப் பார்க்கும் எவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் சுமார் 60 வாய்ப்பிலேயே ஓரளவு நிலைப்படும், வாக் விகிதத்துக்கு 120 போதும். பேட்டிங் சராசரி ஒரு முழு ஆண்டு ஆனாலும் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். முதல் மூன்று வாரம் .180 அடிக்கிறான் என்று பையனைத் திருப்பி அனுப்பும் அணி, அந்தக் கணத்தில் எதையும் சொல்லாத எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறது. ஸ்ட்ரைக் சோனுக்கு (அடிக்கத்தக்க பந்து வர வேண்டிய கட்டம்) வெளியே எத்தனை பந்துக்கு மட்டை வீசுகிறான், உள்ளே வரும் பந்தை எத்தனை முறை தவறவிடுகிறான், பட்ட பந்து எவ்வளவு வேகத்தில் கிளம்புகிறது என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால் .180-ஐப் பொறுத்துக்கொள்ளலாம். இவை கெட்டிருந்தால் .300 அடித்தாலும் கவலைப்பட வேண்டும்.

மூத்தவர்கள் நிறைய இருப்பதே தவறு என்று நீங்கள் நினைப்பதாகப் படுகிறது. 2013-இல் கெம்ப் ஆடியது 73 ஆட்டம்தான். தோள், தொடை, கணுக்கால் என்று மாறி மாறிக் காயம். அவர் இல்லாத நாட்களில் ஈதியர் அதிகம் ஓட வேண்டிய நடு இடமான சென்டர் ஃபீல்டுக்கு நகர்ந்தார், புயிக் வலப்பக்கம் நின்றார். மார்ச் மாதத்தில் மிகையாகத் தெரியும் அவுட்ஃபீல்டு ஜூலையில் போதாமல் போவது எல்லா அணிக்கும் நடப்பது. மேலே நால்வர், கீழே தினமும் ஆடிக்கொண்டு தயாராக ஒருவர் என்பது உண்மையில் நல்ல ஏற்பாடு.

2014-இல் நடந்த தவறு வேறிடத்தில் இருக்கிறது. அந்த நால்வரில் சரியான சென்டர் ஃபீல்டர் ஒருவர்கூட இல்லை. 2013 அக்டோபரில் கணுக்கால் அறுவை செய்துகொண்ட கெம்பை மறுபடி சென்டரில் நிறுத்தினார்கள். மே மாத இறுதியில் அது ஆகாது என்று தெரிந்து இடப்பக்கம் நகர்த்தினார்கள், பிறகு வலப்பக்கம். புயிக் சென்டருக்கு வந்தார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (ஆண்டின் இறுதிச் சுற்று) தொடரின் நான்காவது ஆட்டத்தில் புயிக்கை வெளியே வைத்துவிட்டு ஈதியரை சென்டரில் ஆடவைத்தார்கள். தொடர் அன்றோடு தோல்வியில் முடிந்தது. அந்த ஆண்டு முழுக்க ஆல்புகர்க்கியில் சென்டர் ஃபீல்டு ஆடிக்கொண்டிருந்தவர் பீடர்சன். பேட்டிங்கை வைத்து அவரை ஈதியரோடு ஒப்பிட்டிருக்கவே வேண்டாம். சென்டரில் ஓடிப் பிடிக்க அணியில் ஆளில்லை, அவரால் அது முடியும். ஜூலை முடிவுக்குள் மூத்தவர் ஒருவரை வேறு அணிக்கு அனுப்பி, ஆகஸ்ட் முதலே பீடர்சனுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரியான முடிவு அந்தக் குளிர்காலத்தில் வந்தது. அக்டோபரில் அணியின் ஆட்ட நிர்வாகத் தலைவராகப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் டிசம்பரில் கெம்பை சான் டியேகோ அணிக்கு அனுப்பினார். நால்வரில் அந்த நேரத்தில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தவரையே ஏன் விற்க வேண்டும் என்று பலர் கொதித்தார்கள். காரணம் எளிது. ஈதியரையும் கிராஃபர்டையும் வாங்க ஆளில்லை. கெம்போ அந்த ஆண்டின் 25 ஹோம் ரன்களில் 17-ஐ ஆண்டின் நடுவே வரும் ஆல் ஸ்டார் இடைவேளைக்குப் பிறகு அடித்திருந்தார், விலை உச்சத்தில் இருந்தது. களத்தில் அவர் வேகம் குறைந்துவிட்டது, அது திரும்பி வரப்போவதில்லை. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த 10.7 கோடி டாலரில் 3.2 கோடியை டாட்ஜர்ஸே கொடுத்தது. பதிலுக்கு யஸ்மானி கிரண்டால் என்ற கேட்சர் வந்தார். கூடவே வந்த இளம் பிட்சர் ஒருவரைக் கொடுத்து ஷார்ட்ஸ்டாப் ஜிம்மி ராலின்ஸை வாங்கினார்கள். கொடுத்த பணம் எப்படியும் போனதுதான் என்று ஒப்புக்கொண்டு, மிச்சத்தில் எவ்வளவு காப்பாற்றலாம் என்று மட்டும் பார்த்த பேரம் அது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. மிஞ்சிய ஈதியர், கிராஃபர்ட், பீடர்சன் மூவரும் இடது கை பேட்டர்கள். இடது கை பிட்சர் வரும் நாளில் புயிக் தவிர எல்லோரும் தடுமாறுவார்கள். இந்த வலது–இடது சமநிலையை விட்டுவிட்டு வயதை மட்டும் பார்த்துத் திட்டமிடும் அணிகள் அடிபடுகின்றன. டாட்ஜர்ஸ் ஸ்காட் வான் ஸ்லைக், என்ரிகே ஹெர்னாண்டஸ் என்ற வலது கை ஆட்டக்காரர்களை வைத்து அந்த ஓட்டையை அடைத்தது.

ஈதியரைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை இங்கேதான். பெரிய லீக்கில் பத்து ஆட்டத்தில் ஏழில் எதிரே தொடங்குபவர் வலது கை பிட்சர். அந்த ஏழு நாளில் மட்டும் ஆடினால் இடது கை பேட்டருக்கு ஆண்டுக்கு 450 வாய்ப்பு வரை கிடைக்கும். 2015-இல் ஈதியரை அப்படித்தான் ஆடவைத்தார்கள், இடது கை பிட்சருக்கு எதிராக மிகச் சில முறையே. .249-இல் இருந்தவர் .294-க்கு ஏறினார், 14 ஹோம் ரன் அடித்தார். மூத்த வீரரின் பலவீனம் வெளிப்படும் நாட்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நல்ல ஆட்டக்காரர். கழித்த அந்த நாட்கள் வேறொருவருக்கு வேலையாகின்றன.

கசப்பு வரும், வராமல் இருக்காது. விதிகளே அதை வளர்க்கின்றன. பெரிய லீக்கில் ஐந்தாண்டு சேவை முடித்தவரை அவர் சம்மதமில்லாமல் மைனர் லீக்குக்கு அனுப்ப முடியாது. பத்தாண்டு சேவையும் அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் முடித்தவர், தன்னை விற்பதையே மறுக்கலாம். இளைஞருக்கு மூன்று ஆண்டு ‘ஆப்ஷன்’ உண்டு, அதாவது அவர் சம்மதம் கேட்காமலே அணி அவரை மைனர் லீக்குக்கு ஏற்றி இறக்கலாம், 2022 முதல் ஆண்டுக்கு ஐந்து முறை வரை. எனவே இடம் போதாத போதெல்லாம் முதலில் இறங்குவது இளைஞர்தான், அவர் நன்றாக ஆடினாலும். இதை ஓரளவு சரிசெய்ய நேர்மையான பேச்சு ஒன்றுதான் வழி. மூத்தவரிடம் பிப்ரவரியிலேயே, எந்த வகை பிட்சர் வந்தால் ஆடுவாய், எந்த நாளில் உட்காருவாய் என்று சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தன்று பிற்பகல் ஒட்டப்படும் பட்டியலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விட்டால் அணிக்குள் முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

இளைஞரைக் கீழே வைப்பதில் ஒரு கெட்ட நோக்கமும் ஒளிந்திருக்கலாம். 172 நாள் பெரிய லீக்கில் இருந்தால் ஓராண்டு சேவை; ஆறாண்டு முடிந்தால் வீரர் எந்த அணிக்கும் போகலாம். 2015-இல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்டை ஏப்ரல் 17 வரை நிறுத்திவைத்தது, அவர் கணக்கு 171 நாளில் நின்றது. ஒரே நாளில் அணிக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது. அவர் புகார் 2020-இல் தள்ளுபடியானது. 2022-இல் வீரர்கள் சங்கத்தோடு லீக் செய்த ஒப்பந்தம் ரூக்கி (சிறந்த புதுமுகம்) விருதில் முதல் இரண்டு இடம் பெறுபவருக்கு முழு ஆண்டு சேவை தருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம், ஆனாலும் போதாது.

டாட்ஜர்ஸின் இளம் பேட்டர் கோடி பெலிஞ்சரைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 2017 ஏப்ரல் 25-இல் பீடர்சனின் காயத்தால்தான் அவரை அழைத்தார்கள், சில நாளுக்கென்று. முதல் பேஸும் ஆடுவார், அவுட்ஃபீல்டும் ஆடுவார் என்பதால் பீடர்சன் திரும்பிய பின்னும் வரிசையில் அவருக்கு இடமிருந்தது. முதல் பேஸில் ஆடிய அட்ரியன் கொன்சாலஸுக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது முதல் பேஸ் அவருடையதாயிற்று. 39 ஹோம் ரன், ரூக்கி விருது. ட்ரிபிள் ஏ-யில் இருக்கும்போதே இளம் பேட்டருக்கு இரண்டாவதாக ஓர் இடம் பழக்கிவிட்டால் அவர் காத்திருக்கும் காலம் குறையும்.

மூத்தவர் என்றாலே பாதுகாப்பு என்ற நினைப்பும் அதே ஆண்டில் அடிவாங்கியது. ஆகஸ்டில் 36 வயது கர்டிஸ் கிராண்டர்சனை வாங்கிவிட்டுப் பீடர்சனை ட்ரிபிள் ஏ அணியான ஓக்லஹோமா சிட்டிக்கு இறக்கினார்கள். கிராண்டர்சன் டாட்ஜர்ஸுக்காக அடித்தது .161. ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. திரும்பி வந்த பீடர்சன் அந்தத் தொடரில் மூன்று ஹோம் ரன் அடித்தார். பெலிஞ்சரோ அதே தொடரில் 17 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அது ஒரு சாதனை எண். எதிரணியான ஹூஸ்டனின் பிட்சர்கள் அவருடைய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் எடுத்த ஒரே ரன், பிஞ்ச் ஹிட்டராக வந்த ஈதியரின் அடியில் பீடர்சன் ஓடி எடுத்தது. அந்த ஆண்டு முழுவதும் காயத்தால் 22 ஆட்டமே ஆடிய மூத்தவர் அவர். அவரை வைத்திருந்தது சரி, கிராண்டர்சனுக்காகப் பீடர்சனை இறக்கியது தவறு. ஈதியரால் யாருடைய தினசரி வாய்ப்பும் பறிபோகவில்லை.

கிராஃபர்டை 2016 ஜூனில், இன்னும் 3.5 கோடி டாலர் பாக்கியிருக்கும்போதே விடுவித்தார்கள். 30 ஆட்டத்தில் .185 அடித்திருந்தார். அவரை வைத்திருந்தாலும் விட்டாலும் பணம் ஒன்றுதான். அன்றைய 25 பேர் பட்டியலில் ஓர் இடம் மட்டும் காலியாகும். பீடர்சனும் பின்னாளில் ஈதியரின் அதே வேலைக்குத்தான் வந்து சேர்ந்தார். 2019-இல் அவர் அடித்த 36 ஹோம் ரன்னும் வலது கை பிட்சர்களிடம். இடது கை பிட்சர்கள் வரும் நாளில் அவர் இடத்தில் இன்னொருவர் ஆடினார்.