மீதி 90% ஆற்றல் எங்கேதான் போகிறது?

கேள்வி இதுதான்: உணவுச் சங்கிலியில் ஒரு ஊட்ட நிலையிலிருந்து (புல், மான், புலி என்று ஒவ்வொரு படியும் ஒரு நிலை) அடுத்ததற்கு 10% ஆற்றல்தான் போகிறது என்றால், ஒரு மானை மிச்சம் வைக்காமல் தின்கிற புலிக்கும் 10% தானா, மீதி எங்கே?

புலி வருவதற்கு முன்பே மான் அதைச் செலவழித்து முடித்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். மான் தன் ஆயுளில் தின்ற புல்லின் ஆற்றலோடு ஒப்பிட்டுத்தான் கணக்கே தவிர, செத்துக் கிடக்கும் மானின் உடலோடு ஒப்பிட்டு அல்ல.

பாடநூல்களில் வரும் ஒரு கம்பளிப்புழுக் கணக்கைப் பாருங்கள். புழு 200 ஜூல் அளவுக்கு இலையைத் தின்றால், ஏறக்குறைய 100 ஜூல் செரிக்காமல் எச்சமாக வெளியே போய்விடும், 67 ஜூல் சுவாசத்தில், அதாவது ஊர்வதற்கும் உயிரோடு இருப்பதற்கும் எரிந்து வெப்பமாகிவிடும், உடலாக வளர்வது வெறும் 33 தான். அதைக் கொத்தித் தின்னும் பறவைக்குக் கிடைக்கக்கூடியது அந்த 33 மட்டுமே, அதுவும் பறவை கண்ணில் பட்டால்! வெப்ப இரத்த விலங்குகளின் நிலைமை இன்னும் மோசம். செரித்ததில் 1 முதல் 3% தான் உடலாகிறது, மற்றதெல்லாம் பெரும்பாலும் உடம்பைச் சூடாக வைத்திருக்கவே சரியாகப் போய்விடுகிறது.

எச்சமும், யாரும் தின்னாமல் விழுந்த இலைகளும் வீணில்லை, பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதுதான் சாப்பாடு. ஆனால் அவையும் சுவாசிக்கின்றனவே, கடைசியில் அதுவும் வெப்பம்தான். சத்துப்பொருட்கள் மண்ணுக்குத் திரும்பி மறுபடி செடிக்குள் போகும், வெப்பத்தை எந்தச் செடியாலும் திரும்பப் பிடித்து உணவாக்க முடியாது. அதனால்தான் சூரியன் தினமும் வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்த 10%. பரீட்சையில் அப்படியே எழுதுங்கள், ஆனால் இயற்கை அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. யார் பெயரில் இந்த விதி சொல்லப்படுகிறதோ, அந்த ரேமண்ட் லிண்டெமன் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆராய்ந்த ஏரியிலேயே தாவர உண்ணிகளுக்கு 13.3%, அவற்றைத் தின்பவைக்கு 22.3% என்றுதான் கணக்கு வந்தது (பாவம், 1942-ல் கட்டுரை அச்சில் வருவதற்குள் 26 வயதிலேயே இறந்துவிட்டார்). 1957-ல் ஹோவர்டு ஓடம் ஃப்ளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றுக்குப் போட்ட கணக்கில், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு உற்பத்தியாளர்கள் (அதாவது செடிகளும் பாசிகளும்) பிடித்த 20,810 கிலோகலோரியில் தாவர உண்ணிகளிடம் போனது 3,368, ஊனுண்ணிகளிடம் 383, உச்சியில் இருப்பவற்றிடம் 21. ஒவ்வொரு படியிலும் விகிதம் வேறு. அந்த 21-ஐ நம்பி இன்னொரு நிலை பிழைக்க முடியுமா என்று யோசித்தால், உணவுச் சங்கிலி ஏன் நான்கைந்து கண்ணிகளைத் தாண்டுவதே அபூர்வம் என்பது புரிந்துவிடும்.

கடலில் சில இடங்களில் தாவர மிதவை உயிரிகளைவிட (நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகள்) அவற்றைத் தின்பவற்றின் எடை அதிகமாக இருக்குமே, அங்கே விதி உடைகிறதா என்று அடுத்து கேட்பார்கள். உடையவில்லை. மிதவைப் பாசிகள் தின்னப்படும் வேகத்திலேயே பெருகுகின்றன, அதனால் ஒரு நேரத்தில் எடுத்து எடை போட்டால் கொஞ்சமாகத் தெரியும். ஓர் ஆண்டு முழுக்க உற்பத்தியைக் கூட்டினால் அவற்றின் பங்குதான் பெரியது.