சதுரமும் செவ்வகமா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், சதுரமும் ஒரு செவ்வகமே என்று சாதிக்கிறாள். அது எப்படிச் சரியாகும்?
(வாசகி ஒருவர், அம்பாசமுத்திரம்)

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. நான்கு கோணங்களும் செங்கோணமாக அமைந்த நாற்கரம் செவ்வகம். நீளமும் அகலமும் வேறுபட வேண்டும் என்ற நிபந்தனை இன்றைய வரையறையில் இல்லை. (பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் அப்படி ஒரு நிபந்தனை வைத்திருந்தார், ஆகவே உங்கள் ஐயத்துக்குப் பெரிய துணை உண்டு!) ஆனால் இதைத் தலைகீழாகச் சொல்ல முடியாது: கல்யாணத்துக்கு விரிக்கும் நீண்ட பத்தமடைப் பாய் செவ்வகம், சதுரம் அன்று.

வீட்டிலுள்ள நார்க்கட்டிலை எண்ணிப் பாருங்கள். எதிரெதிர்ச் சட்டங்கள் சம நீளமாக இருந்தும், மூட்டுத் தளர்ந்து ஒருபுறம் சாய்ந்தால் அது வெறும் இணைகரம், அதாவது எதிர்ப் பக்கங்கள் இணையாக உள்ள நாற்கரம். மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாகும்வரை நிமிர்த்தினால் செவ்வகம். நான்கு சட்டங்களும் சமமாக இருந்து சாய்ந்திருந்தால் சாய்சதுரம். அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுமேயன்றிச் சமமாக இரா. மூலைவிட்டங்கள் சமமாகவும் செங்குத்தாகவும் அமைந்த இணைகரமே சதுரம் என்பதால், அது செவ்வகம், சாய்சதுரம் என்னும் இரு குடும்பங்களுக்கும் பிறந்த பிள்ளை.

சரிவகத்தில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு: ஒரு சோடிப் பக்கங்களாவது இணையாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு இணைகரமும் சரிவகமே, ஒரு சோடி மட்டுமே என்பவர்களுக்கு அன்று.