சிறிய சர்வரில் கண்காணிப்பு டீமனை இயக்கினால் அதுவே சுமையாகிவிடாதா?

512 எம்பி நினைவகம் மட்டுமே உள்ள லினக்ஸ் சர்வரில் கண்காணிப்பு டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) ஒன்றை நிறுவினால் அதுவே சுமையாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகாது, ஏனெனில் தேவையான கணக்குகளை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எப்படியும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறது, டீமன், கெர்னல் அந்தக் கணக்குகளைக் காட்டும் ‘ப்ராக்’ (/proc) கோப்பு முறைமையிலுள்ள சில கோப்புகளைக் குறித்த இடைவெளியில் படித்தாலே போதும்.

சி மொழியில் எழுதப்பட்ட கலெக்ட்டி (collectd) என்ற கண்காணிப்பு டீமன், அமைப்பை மாற்றாதவரை 10 விநாடிக்கு ஒருமுறை படிக்கிறது. சிபியு நேரம், சர்வர் தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வரும் எண்ணாகக் கிடைப்பதால், இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்திலிருந்தே பயன்பாட்டு விழுக்காடு கணக்கிடப்படுகிறது. ஆகவே இடைவெளியை 60 விநாடியாக நீட்டினால் வேலை குறையும் என்றாலும், 5 விநாடி மட்டுமே நீடித்த உச்சம் சராசரியில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நானாக இருந்தால் 10 விநாடியிலேயே விட்டுவிட்டு, தேவையற்ற செருகுநிரல்களை முடக்குவேன்.

உண்மையான சுமை படிப்பதில் இல்லை, எழுதுவதில் இருக்கிறது. அளவீடுகளைச் சேமிக்கப் பயன்படும், பழையதன் மேல் புதியதை எழுதும் ஆர்ஆர்டி (RRD) கோப்பின் அளவு உருவாக்கும்போதே நிலையாகிவிடுவதால் வட்டு மெல்ல மெல்ல நிரம்பும் கவலை கிடையாது. ஆனால் பல கோப்புகளில் சிறுசிறு பதிவுகள் ஓயாமல் விழுவது மெதுவான வட்டைத் திணறடிக்கும். அளவீடுகளைச் சில நிமிடங்கள் நினைவகத்தில் சேர்த்து, பிறகு மொத்தமாக எழுதும்படி அமைத்தால் இது தீரும். திடீரென மின்சாரம் போனால் அந்தச் சில நிமிடத் தரவு போய்விடும், அவ்வளவுதான்.

எச்சரிக்கை வரம்பை ‘காலி’ நினைவகத்தின் மீது வைக்காதீர்கள். லினக்ஸ் அதைக் கோப்புத் தேக்கத்துக்கு, அதாவது வட்டிலிருந்து படித்தவற்றை நினைவகத்தில் வைத்திருப்பதற்கு, பயன்படுத்திக்கொள்ளும்; ஆகவே அது குறைவாகத் தெரிவது கோளாறல்ல. கெர்னல் 3.14 முதல் தரப்படும் ‘கிடைக்கக்கூடிய’ நினைவகத்தின் மதிப்பே அதற்குப் பொருத்தமானது.