முகத்தில் அக்குபிரஷர் (புள்ளிகளை விரலால் அழுத்துவது), குவாஷா (வழவழப்பான கல்லால் தோலை நீவுவது) செய்தால் முகப்பருவும் கண்ணுக்குக் கீழே உள்ள வீக்கமும் போகுமா?

வீக்கம் வடியும். பருவுக்கு இதை நம்பாதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். அவரிடம் கற்றுக்கொள்வதற்கு முன்பு நானே ஒரு பச்சைக்கல் வாங்கிக் கன்னம் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். தாடையில் பழுத்திருந்த இரண்டு பருக்களையும் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் நாள் தாடை முழுவதும் பரு. லிஃப்டில் பார்த்த பாட்டி, முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதுகுக்குக் கொடுக்கிற அழுத்தத்தை முகத்துக்குக் கொடுத்திருக்கிறாய்" என்றார்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். குவா என்றால் சுரண்டுதல். ஷா என்பது அப்போது தோலில் எழும் சிவப்புப் புள்ளிகள். காய்ச்சலுக்கும் வெயில் தாக்கத்துக்கும் முதுகில் எண்ணெய் தடவி, நாணயத்தாலோ பீங்கான் கரண்டியாலோ சுரண்டி அந்தச் சிவப்பை வரவழைப்பது பழைய முறை. முகத்தில் அது வரவே கூடாது. எண்ணெய் தடவி, கல்லைத் தோலோடு படுக்கவைத்து, மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கம் மெல்ல இழுங்கள். பிறகு காதடியிலிருந்து கழுத்து வழியாகக் காறையெலும்பு வரை. தேங்கிய நிணநீர் வடிகிற திசை அது. காலையில் முகம் இலேசாகிவிடும், ஆனால் மறுநாளும் செய்ய வேண்டும்.

அக்குபிரஷரில் அழுத்தும் புள்ளிகளில் எனக்குப் பிடித்தது கருவிழிக்கு நேர் கீழே, கன்ன எலும்பில் சிறு பள்ளமாகத் தட்டுப்படுவது. சீனப் பள்ளிகளில் 1960களிலிருந்து பிள்ளைகள் செய்துவரும் கண் பயிற்சியிலும் இது உண்டு. மூக்கு மடலின் ஓரத்தில் யிங்ஷியாங்; 'நறுமணத்தை வரவேற்பது' என்று பொருள். மூக்கடைப்புக்கு அழுத்துவார்கள், பெயரும் அதனால்தான் அத்தனை பொருத்தம். முகக் கோளாறுகளுக்குக் கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள ஹேகுவை அழுத்தச் சொல்வதும் மரபு. கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது என்று அதே மரபு எச்சரிக்கிறது.

பரு நிறைய இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். சீன வைத்தியர்களும் பருவுக்கு முகத்தைத் தேய்த்து அனுப்பிவிடுவதில்லை. நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, உள்ளுக்கு மூலிகை கொடுப்பார்கள்.

விலை கொடுத்துக் கல் வாங்கவும் வேண்டாம். பாட்டி கஞ்சி குடிக்கிற பீங்கான் கரண்டியால்தான் செய்துகொள்கிறார். எங்கேயாவது சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகே அதை முகத்தில் வைப்பார். நீங்களும் அப்படிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.