எதிர்க்காற்றுக்குப் புதுச் சக்கரம் வாங்க வேண்டாம்

கேள்வி: போன ஜூலையில் ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடிக்குச் சைக்கிளில் கிளம்பினேன். மதியம் ஏர்வாடியைத் தாண்டியதும் கடும் எதிர்க்காற்று. சமதளத்திலேயே 9 கி.மீ. வேகம்தான் வந்தது. சாயல்குடியோடு நிறுத்திவிட்டேன். கடைக்காரர் 30,000 ரூபாய்க்கு வேறு சக்கரம் போடச் சொல்கிறார். போடலாமா?
— மதுரை வாசகர்

பதில்: போடாதீர்கள். உங்கள் காலிலும் குறை இல்லை, சைக்கிளிலும் இல்லை. போன திசைதான் தப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குக் காற்று. கடற்கரைக்காரர்கள் கச்சான் என்பார்கள். தூத்துக்குடி ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கில் இருக்கிறது. நாள் முழுக்கக் காற்றின் வாய்க்குள்ளேயே மிதித்திருக்கிறீர்கள்.

காற்றில்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் போனால் உடம்பில் மோதும் காற்றும் 20தான். எதிரே 25 கி.மீ. வேகத்தில் காற்று வீச, நீங்கள் 15இல் போனால் மோதுவது 40. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எந்தச் சக்கரமும் இதை மாற்றாது. அவர் விற்கப் பார்ப்பது தகடு மாதிரி உயர்ந்த விளிம்புள்ள சக்கரமாகத்தான் இருக்கும். பக்கக்காற்றில் அது ஹேண்டில்பாரையே பிடுங்கும். மூட்டை கட்டிப் போகிறவருக்கு இதை விற்பது அநியாயம்.

அடுத்த முறை தூத்துக்குடியில் தொடங்கி ராமேஸ்வரம் நோக்கி வாருங்கள். காற்றை எதிர்த்துத்தான் போக வேண்டும் என்றால் விடியும் முன் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறத்தான் காற்று வலுக்கும். எதிர்க்காற்று வந்தே தீர்ந்தால் வேகத்தைப் பார்க்காதீர்கள். கியரைக் குறைத்து, குனிந்து, மூச்சு வாங்காத அளவுக்கு மிதியுங்கள்.

தூத்துக்குடிக்கு ரயிலில் சைக்கிளை ஏற்றும்போது தரகர்களிடம் சிக்காதீர்கள். பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதியுங்கள். நீங்கள் போகும் வண்டியிலேயே ஏற்ற அதுதான் வழி. தரகர் பார்சலாகப் போட்டுவிட்டு, கட்டும் கூலி, ஏற்றும் கூலி என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அப்படித்தான் ஆனது. நான் இறங்கி மறுநாள்தான் சைக்கிள் வந்தது. ரசீதை அங்கேயே படித்துப் பாருங்கள். ஒரு சைக்கிளை ஏற்ற மூன்று ஜன்னல்களுக்கு அலையவிட்டால் ஜனங்கள் தரகரிடம் போகாமல் என்ன செய்வார்கள்? முன்பு பேருந்துக் கூரையில் போட்டுக்கொண்டு போவோம். இப்போது வரும் பேருந்துகளில் கூரைமேல் கேரியரும் இல்லை.

ஒன்றே ஒன்று. ராமேஸ்வரம் வந்ததும் தனுஷ்கோடிக்கும் போக ஆசை வரும். அங்கே இந்தக் கணக்கு பலிக்காது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலை தென்கிழக்காக ஓடுகிறது. கச்சான் அதைக் குறுக்கே வெட்டும். போகும்போது வலப்பக்கம் அடி, திரும்பும்போது இடப்பக்கம் அடி. பின்காற்று எந்தப் பக்கமும் கிடையாது. குறுக்குக்காற்று சும்மா தள்ளுவதோடு நிற்காது, முன்னே போவதையும் இழுத்துப் பிடிக்கும். மணலும் சாலைமேல் ஏறிக் கிடக்கும், சக்கரம் வழுக்கும். அதனால் பின்பைகளை ராமேஸ்வரத்திலேயே வைத்துவிட்டு, விடியற்காலையில் வெறும் சைக்கிளில் போய்த் திரும்புங்கள். காற்று வரும் பக்கத்தில் வேன் ஒன்று வந்தால் காற்று சட்டென்று நிற்கும், நீங்கள் அதன் பக்கம் சாய்வீர்கள். அது கடந்ததும் மறுபடி அறையும். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையைக்கூட எடுக்காதீர்கள். பாம்பன் பாலத்திலும் இதேதான். அங்கே தள்ளாடினால் இறங்கி உருட்டிக்கொண்டு நடங்கள். இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம்.